நாள்பட்ட நோயுடன் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? குடும்பம், நண்பர்கள், கடவுள் நம்பிக்கை இதெல்லாம் உண்மையிலேயே கைகொடுக்கிறதா?

டயாலிசிஸ் செய்துகொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன். திருச்சி உறையூர்ப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய வயது. வீட்டில் அம்மா, மனைவி, அஞ்சாவது படிக்கும் மகள். எனக்கு வந்தது ஐஜிஏ நெஃப்ரோபதி, சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுக்கும் ஒரு நோய். சர்க்கரை இருந்தால்தான் சிறுநீரகம் போகும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன், எனக்குச் சர்க்கரை கிடையாது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு மெஷினில் போட்டால் பத்து மணிக்கு எடுப்பார்கள். செலவு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறது. அது இல்லையென்றால் கடையை எப்போதோ விற்றிருப்பேன்.

கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால், கைகொடுக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் பிரியம் என்பது பெரும்பாலும் டம்ளரிலும் தட்டிலும்தான் வரும். என் நோய்க்கு ஆகாததும் அவை இரண்டும்தான். அதனால் என்னைச் சுற்றியிருப்பவர்கள் பிரியத்தைக் காட்டவே வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் கேட்பார்கள். ஊசி பெரிதுதான், ஒரு தடவைக்கு இரண்டு. ஆனால் அது பழகிவிட்டது. இன்னும் பழகாதது தாகம். நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு மிச்சத்தை வெளியேற்றும். அந்த வேலையை எனக்காக மெஷின் செய்வது வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் குடிப்பதில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், அப்புறம் படுத்தால் மூச்சு வாங்கும். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு 500 மில்லி, அதுதான் பொதுவான கணக்கு. எனக்கு டாக்டர் சொன்னது மொத்தம் 800 மில்லி. தண்ணீர் மட்டுமில்லை, காபி, ரசம், மோர், கஞ்சி, இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் சாம்பார், ஐஸ்கிரீம் எல்லாம் அதற்குள் அடக்கம். காவிரிக்கரையில் பிறந்தவன் தண்ணீரை மில்லிக்கணக்கில் அளந்து குடிக்கிறேன், என்ன செய்ய.

என் மனைவி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். காலையில் ஒரு பாட்டிலில் 800 மில்லி அளந்து சமையல் மேடையில் வைத்துவிடுவாள். நான் 100 மில்லி காபி குடித்தால், பாட்டிலிலிருந்து 100 மில்லி எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுவாள். மதியம் ரசம் சாப்பிட்டால் அதற்கும் ஒரு கரண்டி துளசிக்கு. மீதி எவ்வளவு என்பது எப்போதும் கண்ணெதிரே இருக்கும். திட்டுவது, கெஞ்சுவது, "என்னங்க, இப்பதானே குடிச்சீங்க" என்பது எதுவும் தேவையில்லை. எங்கள் வீட்டுத் துளசி நன்றாக வளர்கிறது.

சமையலும் அவள் கையில் மாறிவிட்டது. காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும். பொட்டாசியம் ஏறினால் வலியோ காய்ச்சலோ முன்கூட்டித் தெரியாது, நேரே இதயத் துடிப்பில் கைவைக்கும். அதனால் இளநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை எல்லாம் தள்ளி. ஊறுகாயும் அப்பளமும் உப்புக்காகத் தள்ளி. சொந்தக்காரர் ஒருவர் இந்துப்பு ஒரு கிலோ வாங்கி வந்து கொடுத்தார், இது சிறுநீரகத்துக்கு ஒன்றும் பண்ணாது என்று. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். கடையில் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னும் மோசம்.

வாட்ஸ்அப்பில் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் வராத வாரம் இல்லை. சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றே என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடி என்பார்கள். எனக்கு அதுதான் விஷம்.

மகளுக்கும் ஒரு வேலை உண்டு. டயாலிசிஸுக்காக என் இடது கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து என் கையில் காதை வைத்துக் கேட்பாள். "அப்பா, மோட்டார் ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவாள். அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாது, பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வேறு எதற்கோ ஒரு லேபுக்குப் போனபோது அந்தக் கையை நீட்டச் சொன்ன நர்ஸிடம் இதை ஒப்பித்ததும் அவள்தான்.

வார்டிலும் ஒரு குடும்பம் உண்டு. பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், எதிரே ஒரு காலேஜ் பையன், மூலையில் ஒரு டீச்சரம்மா. போனதும் எடை பார்ப்பார்கள். "எத்தனை ஏத்திட்டு வந்தீங்க?" என்பதுதான் எங்கள் காலை வணக்கம். முகூர்த்த நாளுக்கு மறுநாள் யார் எந்தக் கல்யாணத்தில் பாயசம் குடித்தார்கள் என்பதை எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தால் அத்தனையையும் நான்கு மணி நேரத்தில் இறக்க வேண்டும். பிபி விழும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். கண்டக்டருக்குக் கால் இழுத்தால் டெக்னீஷியன் தம்பி வருவதற்குள் டீச்சரம்மா கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்துவிடுவார். வீட்டில் சொல்ல முடியாத சில பயங்களை அங்கே சொல்லிக்கொள்ள முடிகிறது. சில நாள் ஒரு கட்டில் காலியாக இருக்கும். யாரும் கேட்க மாட்டோம்.

நண்பன் என்றால் எனக்கு ஒருவன். பள்ளித் தோழன், பக்கத்துக் கடையில் மொபைல் சர்வீஸ் வைத்திருக்கிறான். டயாலிசிஸ் நாட்களில் என் கடையைத் திறப்பது அவன்தான். பத்து மணிக்கு வெளியே வந்தால் எனக்குப் பிழிந்துபோட்ட மாதிரி இருக்கும், மதியம் வரை படுத்தே ஆக வேண்டும். அவன் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போடக் கற்றுக்கொண்டான், கலர் பிரிண்டுக்கு என்னைவிட அதிகமாகக் காசு வாங்கவும் கற்றுக்கொண்டான். "எப்படிடா இருக்க?" என்று கேட்பதே கிடையாது. சாயந்திரம் கல்லாக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனோடு இருக்கும்போது நான் நோயாளி இல்லை, கடைக்காரன்.

ரமலான் வந்தால் எங்கள் இருவருக்கும் ஒரு கூட்டு. "இந்த மாசம் நான் உனக்கு மேல மாப்ள, பகல்ல எச்சில்கூட முழுங்கறதில்ல" என்பான், கொஞ்சம் மிகைதான். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த மாதம் விழும் வருஷம் மதியம் மூன்று மணிக்கு இரண்டு கடை வாசலிலும் இரண்டு பேர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்போம். மஃரிப் பாங்கு சொன்னதும் அவன் குடிப்பான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் அவன் அம்மா எனக்கும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். உப்பும் தண்ணீரும், ஒரு கிண்ணத்திலேயே என் அளவு முடிந்துவிடும். இப்போது கஞ்சி என் அம்மாவுக்கும் மகளுக்கும் வருகிறது. எனக்கு துஆ, அதாவது பிரார்த்தனை மட்டும்.

கடவுளுக்கு வருகிறேன். பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர் என்று ஓர் ஊர், சுத்தரத்தினேஸ்வரர் கோயில். அங்கே பஞ்சநதன நடராஜர் சிறுநீரக நோயாளிகளுக்குப் பிரசித்தம். 48 துண்டு வெட்டிவேரை மாலையாகக் கட்டிச் சாத்தி வாங்கி வந்து, தினம் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து 48 நாள் குடிக்க வேண்டும். அம்மா போய் வாங்கி வந்துவிட்டார். நோயோ தண்ணீர் குடிக்காதே என்கிறது, சாமி பிரசாதமே தண்ணீராக வருகிறது! டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு சின்ன டம்ளர், உங்க அளவுக்குள்ள இருந்தா சரி. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, வேற கஷாயம் எதுவும் வேண்டாம்" என்றார். 48 நாளும் அம்மாவே 50 மில்லி அளந்து கொடுத்தார். துளசிக்கு 50 மில்லி கூடுதலாகப் போனது. சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் இறங்கியதா என்றால் இல்லை. அம்மா தூங்கினார், அது நடந்தது. அதுவரை ராத்திரி எழுந்து என் மூச்சைக் கவனித்துவிட்டுப் போவார்.

எனக்கு நெருக்கமானவள் சமயபுரத்தாள். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் அவளே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பாள், பக்தர்களுக்காக. அந்த நாட்களில் தளிகை, அதாவது சமைத்த படையல் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவுதான் நைவேத்தியம். அவள் சாப்பிடுவதில் பாதி எனக்கு ஆகாது, அது வேறு விஷயம். ஆனால் வெயில் ஏறத் தொடங்கும் அந்த மாதத்தில், எனக்குத் துணையாக அவளும் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்தால் அடுத்த மடக்கை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிகிறது. இதை அறிவியலாகச் சொல்லவில்லை. எனக்கு வேலை செய்கிறது.

கோயிலில் என்ன வேண்டிக்கொள்வது என்பதில்தான் சிக்கல். அம்மாவுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் தர முடியாது. மனைவியின் ரத்தப் பிரிவு சேரவில்லை. நண்பன் "என்னோடத எடுத்துக்கடா" என்றான். நெருங்கிய உறவில்லாதவர் தானம் செய்வதென்றால், பணம் கைமாறவில்லை என்று அனுமதிக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அது இருக்கட்டும், அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதனால் மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காக அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறேன். 2008-ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த செய்தியை அன்று பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன் நான். 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அந்தச் செய்திகளை இப்போது முழுசாகப் படிக்கிறேன். எனக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று வேண்டினால் யாரோ ஒரு வீட்டில் சாவு விழ வேண்டும் என்றாகிவிடுகிறது. ஆகவே நான் வேண்டுவது ஃபிஸ்டுலா ஓட வேண்டும், பொட்டாசியம் ஏறக் கூடாது, அவ்வளவுதான். மற்றதை அம்மா பார்த்துக்கொள்கிறார்.

பட்டியலில் இருப்பவன் ராத்திரியிலும் போனை அணைக்கக் கூடாது, தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுக்க வேண்டும். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும். ஃபைலும் மாற்று உடையும் வைத்த பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, கார் நண்பனுடையது. போன் அடித்தால் வீடே அப்படியே நின்றுவிடும். எடுத்தால், "சார், பர்சனல் லோன் வேணுமா?" ஒரு நாள் நண்பன் போனை என் கையிலிருந்து பிடுங்கி, அந்தப் பெண்ணிடம் முழுக்கதையையும் பொறுமையாகச் சொன்னான். பாவம், மன்னிப்புக் கேட்டு, நல்லா ஆயிடும் சார் என்று சொல்லி வைத்தது. அந்த எண்ணிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மற்ற எண்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.