கேள்வி – பதில்: 800 மீட்டரும் 1500 மீட்டரும்

வடசென்னை வாசகர்கள் நடுத்தூர ஓட்டம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

1500 மீட்டர் உலக சாதனை 3:26. ஆனால் ஒலிம்பிக்கில் ஒருவர் 3:50 ஓடித் தங்கம் வாங்கியிருக்கிறாரே, எப்படி?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

2016 ரியோவைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ், சரியாக 3:50.00. அதே ஊரில் அடுத்த மாதம் நடந்த பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான டி13 பிரிவில் அல்ஜீரியாவின் அப்தெல்லத்தீஃப் பாக்கா 3:48.29-ல் முடித்தார். இதை வைத்துச் சென்ட்ரோவிட்ஸைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அந்தக் கிண்டலில் அர்த்தம் இல்லை.

நீங்கள் சொன்ன உலக சாதனையை மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் 1998-ல் ரோமில் ஓடியது (3:26.00), ஒரே ஓட்டத்தோடு முடிகிற போட்டியில். அங்கே வேகம் பிடித்து முன்னால் இழுத்துப் போக பேஸர் என்ற துணை ஓட்டக்காரர் உண்டு. ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் பேஸர் கிடையாது. ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), செமி (அரையிறுதி) முடித்து, சில நாட்களில் மூன்றாவது முறையாக ஓடுகிறார்கள். பதக்கம் இடத்துக்குத்தான், நேரத்துக்கு இல்லை. முன்னால் போகிறவன் காற்றை மார்பில் வாங்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அது மிச்சம். அதனால் பெரும்பாலும் யாரும் வேகம் கூட்ட முன்வருவதில்லை.

சென்ட்ரோவிட்ஸ் மெதுவாக ஓடினாலும் கடைசிச் சுற்றில் முதலிடத்தையும் உள் ஓரத்தையும் விடவில்லை. அந்தக் கடைசி லேப்பை 51 விநாடிக்குள் முடித்தார். அவரைத் தாண்ட வேண்டுமானால் அதைவிட வேகமாக, அதுவும் வளைவில் வெளிப்பக்கமாக ஓட வேண்டும். கணக்கு எளிது: ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒரு வளைவுக்கு 3.14 மீட்டர் கூடுதல். கடைசி லேப்பில் இரண்டு வளைவு, ஆக 6 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் இது சுமார் 0.8 விநாடி. 2024 பாரிஸ் ஃபைனலில் தங்கம் வாங்கிய கோல் ஹாக்கருக்கும் (3:27.65) நான்காவதாக வந்து வெறுங்கையோடு போன யாக்கோப் இங்கெபிரிக்ட்சனுக்கும் (3:28.24) இடைவெளி 0.59 விநாடிதான்.

டி.வி.யில் பார்க்கும்போது யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?
– பெரம்பூர் வாசகர்

கடைசிச் சுற்றுக்கு பெல் அடித்த பிறகு முதல் ஆளை விட்டுவிட்டு, அவருடைய வலது தோளை ஒட்டி ஓடுகிற ஆளைப் பாருங்கள். ஓட்டம் பெரும்பாலும் முடிவாகிற இடம் கடைசி வளைவுக்குள் நுழையும் இடம், அதாவது முடிவுக்கு 200 மீட்டர் இருக்கும்போது. 2022 உலக சாம்பியன்ஷிப்பில், அமெரிக்காவின் யூஜீனில், பிரிட்டனின் ஜேக் வைட்மன் அந்த இடத்தில்தான் இங்கெபிரிக்ட்சனைத் தாண்டி உள் ஓரத்தைப் பிடித்தார். அதன்பிறகு சுற்றி வர வேண்டியது இங்கெபிரிக்ட்சனின் வேலையாகிவிட்டது. முடிவில் வித்தியாசம் 0.24 விநாடி. அடுத்த ஆண்டு புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் இன்னொரு பிரிட்டன்காரர் ஜோஷ் கெர் கிட்டத்தட்ட அதே இடத்தில் தாக்கினார், வித்தியாசம் 0.27.

உள் ஓரத்தில் இருப்பதிலும் ஆபத்து உண்டு. முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்றால் ‘பாக்ஸ்’ ஆகிவிட்டார் என்பார்கள். தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் தகுதி நீக்கம். அரைக் காலடி பின்வாங்கிச் சுற்றி வர வேண்டும், அல்லது முன்னவர் விலகும்வரை பொறுக்க வேண்டும். பாரிஸில் ஹாக்கருக்கு வளைவில் உள்வழி அடைபட்டது; நேர்ப்பகுதியில் திறந்தது, புகுந்துவிட்டார். அதைத் திட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த இடைவெளி வராமலும் போயிருக்கலாம்.

ஒலிம்பிக் 800 மீட்டர் ஃபைனலில் இந்தியர் யாராவது ஓடியிருக்கிறாரா?
– ஆட்டோ ஓட்டுநர், ராயபுரம்

ஸ்ரீராம் சிங், 1976 மான்ட்ரியால். முதல் லேப்பை முன்னின்று ஓடி, 1:45.77-ல் ஏழாவதாக வந்தார். அவர் இழுத்த வேகத்தில்தான் கியூபாவின் அல்பெர்தோ ஹுவான்டொரேனா 1:43.50 என்ற உலக சாதனையோடு ஜெயித்தார். ஸ்ரீராமின் தேசிய சாதனை 42 ஆண்டு நின்றது. 2018-ல் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி முறியடித்தார்.

என் மகனுக்கு 17 வயது. 800 மீட்டரில் முதல் சுற்று 58 விநாடி, இரண்டாவது 74. மொத்தம் 2:12. கடைசி 200-ல் கால் கல்லு மாதிரி ஆகிவிடுகிறது என்கிறான். சத்து குறைவா?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

சத்து இல்லை அம்மா, கணக்கு. இரண்டு சுற்றுக்கும் 16 விநாடி வித்தியாசம். டேவிட் ருடிஷா 2012 லண்டனில் 1:40.91 என்ற உலக சாதனை ஓடியபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டரை விநாடிகூட இல்லை. உங்கள் மகன் தனியாக 400 மீட்டரை 55–56-ல் ஓடுபவர் என்றால், 58 என்பது ஏறக்குறைய முழு வேகம். தசையில் அமிலம் ஏறி 500 மீட்டரிலேயே கால் கட்டிக்கொள்ளும். அதன்பிறகு மனவுறுதி பெரிதாக உதவாது.

அடுத்த போட்டியில் 200 மீட்டருக்கு ஒன்றாக இப்படி ஓடச் சொல்லுங்கள்: 31.5, 32, 33, 32.5. மொத்தம் 2:09. முதல் 200-ல் எல்லோரும் முன்னே போவார்கள். கடைசி ஆளாக இருந்தாலும் பதற வேண்டாம்.

இந்த வேகம் காலுக்குப் பழக, வாரத்தில் ஒரு நாள் 200 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 32 விநாடி, இடையில் 90 விநாடி மெதுநடை, பிறகு 8 நிமிட ஓய்வு, மறுபடி நான்கு. கடைசி 200 முதலாவதைவிட ஒரு விநாடிக்கு மேல் தாமதமானால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். இன்னொரு நாள் 20 நிமிடம், இரண்டு மூன்று சொல் மட்டும் பேச முடிகிற வேகத்தில். ஒரு நாள் 45 நிமிடம் நிதானமாக, தாராளமாகப் பேசிக்கொண்டே. 800-க்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் சுவாசக் காற்றின் வழியாக வருவது என்பதால் இந்தக் கடைசி ஓட்டத்தைத் தவிர்க்கக் கூடாது. பையன்கள் முதலில் விடுவது இதைத்தான். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. போட்டிக்கு முந்தைய நான்கு நாளில் கடும் பயிற்சி கூடாது.

இடம் முக்கியம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் வேண்டாம், கன்டெய்னர் லாரிகள் போகும் வழி. காசிமேடு பக்கம் மணலில் ஓடலாம் என்பார்கள். தளர்ந்த மணல் குதிகால் தசைநாரை இழுக்கும், ஈர மணலின் சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். வேகப் பயிற்சிக்கு டிராக் வேண்டும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சிந்தெடிக் டிராக் இருக்கிறது. அனுமதி விவரத்தை அங்குள்ள அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கள் பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் டிராக்குக்கு இடமில்லை. 200 மீட்டர் போட முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியர், கொருக்குப்பேட்டை

90 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் இருந்தால் போடலாம். இரண்டு நேர்ப்பகுதி தலா 50 மீட்டர், இரு முனையிலும் அரைவட்டம். ஓடும் பாதையின் ஆரம் 15.92 மீட்டர். ஆனால் சுண்ணாம்புக் கோட்டை அந்த ஆரத்தில் போடக் கூடாது. விளிம்புக்கட்டை இல்லாத டிராக்கில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியேதான் தூரம் அளப்பார்கள். எனவே கோட்டின் ஆரம் 15.72 மீட்டர். ஆணி அடித்து, நீளாத கயிறு அல்லது கம்பியால் சுற்றுங்கள். நைலான் கயிறு இழுபட்டால் வட்டம் கோணிவிடும்.

800-க்கு நான்கு சுற்று. தொடக்கமும் முடிவும் ஒரே கோடு. 1500-க்கு ஏழரைச் சுற்று. முடிவுக் கோட்டுக்கு 100 மீட்டர் முன்னால், அதாவது எதிர் நேர்ப்பகுதியில், தொடக்கம். இதை மறந்து முடிவுக் கோட்டிலேயே நிறுத்தி ஓடவிட்டால் 1400-ஓ 1600-ஓதான் வரும். வளைவு இறுக்கமாக இருப்பதால் இடது காலில் சுமை கூடும். பயிற்சியில் பாதியை வலஞ்சுழியாக ஓடவிடுங்கள். இங்கே எடுக்கும் நேரம் பெரிய டிராக்கைவிடத் தாமதமாகவே இருக்கும், அதை வைத்துப் பையனைக் கழிக்க வேண்டாம்.

800-ல் அவரவர் லேனை விட்டு எப்போது உள்ளே வரலாம்?
– பள்ளி மாணவன், திருவொற்றியூர்

முதல் வளைவு முடிந்ததும் டிராக்கின் குறுக்கே வரும் வளைந்த கோட்டைத் தாண்டிய பிறகு. அதற்கு முன் வந்தால் தகுதி நீக்கம். தாண்டியதும் சட்டென்று உள்ளே பாயாதே; அடுத்த வளைவின் உள் ஓரத்தைக் குறிவைத்து நேர்ப்பகுதி முழுக்கச் சாய்வாகப் போ. பாய்கிறவர்கள் கூடுதல் தூரம் ஓடுகிறார்கள், அடுத்தவர் ஸ்பைக்கில் (ஆணிக் காலணியில்) மிதியும் வாங்குகிறார்கள்.