தொழில் கேள்வி பதில்: கெட்ட செய்தி உங்கள் வாயிலிருந்தே போகட்டும்

வீட்டிலேயே துணிப்பை தைத்து விற்கிறேன், கூட இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். துணி தருபவர் மூன்று வருடமாக 30 நாள் கடனில் கொடுக்கிறார், ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. இந்த மாதம் எனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. அவருக்குத் தரவேண்டிய தேதி தாண்டி எட்டு நாள் ஆகிறது. அவர் போன் செய்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. பணம் கைக்கு வந்ததும் மொத்தமாகக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா மேடம்?

முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அவர் பக்கம் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரும் தேதி சொல்லித்தான் துணி எடுத்திருப்பார், அந்தத் தேதியைச் சொல்லும்போது உங்கள் பணத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். மூன்று வருடம் நாள் தவறாமல் கொடுத்தவர் திடீரென்று போன் எடுக்கவில்லை என்றால் மனது எங்கெங்கோ போகும். தொழில் படுத்துவிட்டதா, வேறு இடத்தில் துணி எடுக்க ஆரம்பித்துவிட்டார்களா, இனி இந்தப் பணம் வருமா வராதா என்று எட்டு நாளாக அவர் யோசித்துக்கொண்டிருப்பார். உங்களுக்குத் தெரிந்த உண்மை இதைவிடச் சின்னது. பணம் கொஞ்ச நாள் தள்ளி வரும், அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் விட்டதால் அவர் மனதில் பெரிய கதையாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தேன். ஆரம்ப வருடங்களில் ஒரு முறை, வெட்டும் மெஷின் பழுதாகி, வியாழக்கிழமை போகவேண்டிய பெட்டிகள் போகவில்லை. வாடிக்கையாளர் காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார். நான் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது மேஜையோடு சேர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. சனிக்கிழமை பெட்டியோடு நானே நேரில் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "மெஷின் எல்லார்கிட்டயும்தான் கெட்டுப்போகும். புதன்கிழமையே சொல்லியிருந்தா நான் ஆட்களை வேற வேலைக்கு மாத்தியிருப்பேன். ரெண்டு நாளா ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஆர்டர் வரவே இல்லை. ஒரு போன் பேசியிருந்தால் அவர் என் வாடிக்கையாளராகவே இருந்திருப்பார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீளமாகக் காரணம் அடுக்காதீர்கள். தேதி தவறியதும் போன் எடுக்காததும் என் தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்தது, மீதிப் பணத்துக்கு ஒரு தேதி. பத்து நாளில் வந்துவிடும் என்று நினைத்தால் பதினைந்து என்று சொல்லுங்கள், ஏனென்றால் முதல் தேதி தவறுவதை எல்லோரும் மன்னிப்பார்கள், இரண்டாவதும் தவறினால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது. கையில் இருப்பதில் கால்வாசியாவது இன்றே அனுப்புங்கள். பழைய பாக்கி தீரும்வரை புதுத் துணி எடுப்பதாக இருந்தால், அதற்குக் கையோடு பணம் கொடுத்து எடுங்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். உங்களுக்குத் தரவேண்டியவரிடம் நீங்கள் எப்போது கேட்டீர்கள்? பில்லில் தேதி போடுகிறீர்களா? "30 நாள்" என்று மட்டும் எழுதினால் பில் போட்ட நாளிலிருந்தா, சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்தா என்று ஆளுக்கொரு கணக்கு போடுவார்கள். இன்ன தேதிக்குள் என்று எழுதிவிடுங்கள், அதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பணம் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று நிறையப் பேர் வாய்மூடி இருக்கிறார்கள். கேட்காமல் மனதுக்குள் குமைந்து, ஒருநாள் வேறு எதற்கோ வெடிக்கும்போதுதான் உறவு கெடுகிறது.

10 நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை என்று எங்கள் சப்ளையர் சொல்கிறார். 2 சதவீதம் என்ன பெரிய பணம், 30 நாள் கையில் வைத்திருக்கலாமே என்று நினைக்கிறேன். சரியா?

கையில் பணம் இருந்தால் 10 நாளிலேயே கொடுத்துவிடுங்கள். வியாபாரத்தில் இது பழைய ஏற்பாடு, பல நாடுகளில் பில்லில் அச்சடித்தே வரும். 2 சதவீதம் சின்னதாகத் தெரிவது அதை ஒரு மாதக் கணக்கில் பார்ப்பதால். நீங்கள் அந்தத் தள்ளுபடியை விடுவது வெறும் 20 நாள் கூடுதல் அவகாசத்துக்காக. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 37 சதவீத வட்டி வருகிறது, அந்த வட்டிக்கு நீங்கள் எங்கேயாவது கடன் வாங்குவீர்களா? அதோடு, சரக்கு தட்டுப்பாடு வரும்போது சீக்கிரம் பணம் தருபவர் பெயர்தான் சப்ளையருக்கு முதலில் ஞாபகம் வரும். ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள் இதே தள்ளுபடியைக் கொடுக்க நினைத்தால் இந்த 37-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத் தேவை இருந்தால் மட்டும் கொடுங்கள்.

என் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் விலையைக் குறைக்கச் சொல்கிறார். மறுத்தால் போய்விடுவாரோ என்று குறைத்துக்கொண்டே வருகிறேன்.

பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு சர்வதேசக் கணக்கியல் விதி உண்டு. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அதைக் கணக்கறிக்கையில் சொல்லியாக வேண்டும், பணம் போட்டவர்களுக்கு அது தெரியவேண்டிய ஆபத்து என்பதால்தான். நீங்கள் பாதியைத் தாண்டிவிட்டீர்கள். சின்னத் தொழிலில் 10 என்பது நடக்காத காரியம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதி என்றால் உங்கள் விலையை உங்களுக்குப் பதில் அவர் முடிவு செய்கிறார்.

அவரிடம் சண்டை வேண்டாம். அடுத்த ஆர்டர் வருவதற்கு முன்பே, அவசரம் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். இதற்குக் கீழே போனால் தரத்தில் கை வைக்க வேண்டியிருக்கும், அதைச் செய்ய எனக்கு மனமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விலை குறையவேண்டும் என்று அவர் நின்றால் பதிலுக்கு ஏதாவது கேளுங்கள். ஆர்டர் அளவு கூடட்டும், பாதிப் பணம் முன்னால் வரட்டும், இல்லை டெலிவரிக்குக் கூடுதலாக ஒரு வாரம் தரட்டும். ஒன்றும் வாங்காமல் விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் விலை என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கூடவே வாரத்தில் ஒரு அரை நாளைப் புது வாடிக்கையாளர் தேட ஒதுக்குங்கள். அவர் நல்ல மனிதர் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். நல்ல மனிதருக்கும் தொழில் நொடிக்கும்.

கூட்டத்தில் போய்க் கை குலுக்கிப் பேசுவது எனக்கு வராது. தொழில் சங்கக் கூட்டங்களுக்குப் போனால் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுகிறேன். தொடர்புகள் இல்லாமல் தொழிலை வளர்க்க முடியாதா?

தொடர்பு வேண்டும், ஆனால் அது கூட்டத்தில்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களில், பேச்சு விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக, வேலை மாறியவர்களில் தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்த நேரத்தில் அவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு தடவையாவது பார்க்கும் நெருக்கமானவர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. வருடத்துக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பவர் என்று சொன்னவர்கள் கிட்டத்தட்ட 28 சதவீதம், மற்றவர்கள் இடைப்பட்டவர்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து, 2022-இல் வெளியான பரிசோதனையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கமே காட்டியது. வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது ரொம்ப நெருங்கியவர்களோ பெயரளவில் மட்டும் தெரிந்தவர்களோ இல்லை, லேசாகப் பழகியவர்கள். இரண்டுமே வேலை தேடுவதைப் பற்றியவை. என் அனுபவத்தில் ஆர்டருக்கும் இது பொருந்துகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் நாம் கேள்விப்படாத ஒன்றைக் கொண்டுவருவார்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். பழைய வாடிக்கையாளர், முன்பு சரக்கு வாங்கிய இடம், ஒரு முறை மட்டும் மெஷின் சரிசெய்ய வந்தவர், எல்லோர் பெயரும் எழுதுங்கள், கடைசியாகப் பேசிய தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். ஆறு மாதம் தாண்டியவர்களில் வாரத்துக்கு இரண்டு பேருக்குப் பேசுங்கள். ஒன்றுக்கு ஒன்று பேசுவது கூச்சமுள்ளவர்களுக்குக் கூட்டத்தைவிட எளிது. ஆனால் எடுத்த எடுப்பில் "ஏதாவது ஆர்டர் இருக்கா" என்று கேட்காதீர்கள், அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள்.

எனக்கு வந்த அப்படி ஒரு அழைப்பை மறக்கவே முடியாது. பெட்டிமேல் அச்சடித்துக் கொடுக்கும் ஒருவர், நாங்கள் சேர்ந்து வேலை செய்து ஒரு வருடம் ஆகியிருக்கும், திடீரென்று கூப்பிட்டார். "உங்க பெட்டி ஒண்ணை ஒரு இடத்துல பார்த்தேங்க, மை உரியுது. நகத்தால சுரண்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும். மையா அட்டையான்னு தெரியல, ஒரு வெறும் அட்டை அனுப்புங்க, நான் அடிச்சுப் பார்க்கிறேன்" என்றார். அப்போது எனக்கு அச்சடித்தது அவர் இல்லை. அட்டையின் மேல்பூச்சில்தான் கோளாறு இருந்தது, வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அச்சு வேலை எல்லாம் அவரிடமே போனது. அவர் ஆர்டர் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தப்பு நடந்தாலும் அதை நன்றாகச் சரிசெய்து கொடுத்தால் வாடிக்கையாளர் முன்பைவிட நெருக்கமாகிவிடுவார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1992-லேயே ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சரிசெய்து கொடுத்ததில் மனத்திருப்தி கூடுவது தெரிந்தது, திரும்ப வந்து வாங்கும் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. அதனால் தப்பைக் கட்டாயம் சரிசெய்யுங்கள், ஆனால் அதை நம்பிக் கவனத்தைத் தளரவிடாதீர்கள்.

நண்பர்கள் என் டிசைன் வேலையை இலவசமாகக் கேட்கிறார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இலவசமாகக் கொடுப்பதாக இருந்தால் முழு விலையையும் பில்லில் எழுதி, கீழே அதைக் கழித்துக் காட்டிக் கொடுங்கள். எவ்வளவு பெரிய உதவி வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். இரண்டாம் முறை கேட்டால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விலை சொல்லிவிடுங்கள். முடித்துக் கொடுத்துவிட்டு விலை பேசுவதால்தான் பாதி நட்பு உடைகிறது.

எனக்குப் பக்கத்திலேயே அதே தொழில் செய்பவர் இருக்கிறார். பேச்சு வார்த்தை கிடையாது. நானாகப் போய்ப் பேசினால் பலவீனமாகத் தெரியுமா?

தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய ஆர்டர் வந்தாலோ, மெஷின் நின்றுபோனாலோ, உங்கள் வேலையை அப்படியே எடுத்துச் செய்யத் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். முதல் தடவை உதவி கேட்டுப் போகாமல், உங்களால் எடுக்க முடியாத ஒரு ஆர்டரை அவரிடம் அனுப்பிவைத்து ஆரம்பியுங்கள், வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஒரே ஒரு எல்லை உண்டு. இருவரும் சேர்ந்து "இந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது" என்று பேசி வைத்துக்கொள்ளாதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், சின்னத் தொழில் என்றும் விடமாட்டார்கள்.

ஐந்து வருடமாக ஒரே இடத்தில் மூலப்பொருள் வாங்குகிறேன். இப்போது வேறு இடத்தில் தரம் நன்றாக இருக்கிறது, மாறப்போகிறேன். பழையவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே ஆர்டரைக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன?

வேண்டாம், அது கொடுமை. அவர் உங்களுக்கென்று சரக்கு வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டிருப்பார். முதலில் தரத்தில் உங்களுக்கு இருக்கும் குறையை அவரிடம் சொன்னீர்களா? சொல்லாமல் மாறுவது நியாயமில்லை, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். சொல்லியும் சரியாகவில்லை என்றால் நேரில் போங்கள். இன்ன காரணம், இன்ன மாதம்வரை வாங்குவேன், உங்களிடம் எனக்காக இருக்கும் இருப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். கடைசி பில்லைத் தேதிக்கு முன்னாலேயே கட்டுங்கள்.

நான் அட்டை வாங்கிய இடத்தை அப்படித்தான் மாற்றினேன். பழையவர் முகம் வாடிப்போனது, "இருப்பை எடுத்துக்கறீங்களே, அது போதும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருடம் கழித்துப் புது இடத்தில் லோடு வராமல் நின்றபோது கூச்சத்தோடு அவருக்குத்தான் போன் செய்தேன். எத்தனை ஷீட் வேண்டும், என்ன கனம் என்று கேட்டார், வேறெதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே வண்டி வந்துவிட்டது.