இலங்கை மலையகத்தில் வருகைதரு விரிவுரையாளராகச் சேரலாமா, ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திருப்பதா?

கேட்டிருப்பவர் வணிகத்தில் பட்டம் முடித்து ஊர் திரும்பியவர். பக்கத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் மணித்தியாலக் கணக்கில் பாடம் எடுக்கக் கூப்பிடுகிறார்களாம். வீட்டிலோ "கவர்மென்ட் டீச்சர் வேலைக்குப் பாரு" என்கிறார்களாம். நான் அந்த வருகைதரு விரிவுரையாளர் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மாகாண ஆசிரியர் சேவைக்கு விண்ணப்பம் கோரினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அதையும் போட்டுவிடுங்கள்.

முதலில் காசு விஷயம். பாடம் நடந்தால்தான் கொடுப்பனவு. செமஸ்டர் விடுமுறைக்கு இல்லை, பரீட்சைக் காலத்துக்கு இல்லை, மண்சரிவு எச்சரிக்கை என்று மூடிய நாளுக்கும் இல்லை. மாதக் கடைசியில் வவுச்சர் நிரப்பி, பிரிவுத் தலைவரின் கையொப்பம் வாங்கிக் கொடுத்தால், காசு கைக்கு வர மாதங்கள் ஆகும். ஒரு கடைப் பிள்ளைக்குக்கூட ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் பிள்ளை 8 வீதமும் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்களுக்கு அது கிடையாது. வங்கியில் கடன் கேட்டால் சம்பளப் பட்டியல் கேட்பார்கள், அதுவும் நம்மிடம் இருக்காது. அம்மா லயத்தில், அதாவது எங்கள் தோட்டக் குடியிருப்பில், எல்லோரிடமும் "மகள் லெச்சரர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். தண்ணிப் பீலியடியில் யாராவது "பெர்மனன்ட் ஆயிருச்சா புள்ள?" என்று கேட்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

நிலைமை இப்படி ஆனதில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பெரிய பங்கு உண்டு. அரச ஆட்சேர்ப்பை இறுக்கினார்கள். அதே வருடம் அரச ஊழியர் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு 36 வீதம் வரை ஏறும் வருமான வரி வந்தது. அனுபவமுள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் லீவில் போனவரின் பதவி அவர் பெயரிலேயே இருப்பதால் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க முடியாது. அவருடைய பாடநேரம் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னை உண்மையில் அரிப்பது ஒரு செமஸ்டருக்கு அப்பால் எதையும் திட்டமிட முடியாததுதான். எங்கள் பாடநெறி ஆங்கில மொழிமூலம். பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை என்று தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். அவர்களைக் கரை சேர்க்க இரண்டு வருடத் திட்டம் வேண்டும். அடுத்த செமஸ்டரில் எனக்குப் பாடம் தருவார்களா, தந்தால் எந்தப் பாடம் என்பது நேர அட்டவணை ஒட்டும் நாள்வரை எனக்கே தெரியாது. "அடுத்த செமஸ்டரும் நீங்கதானே மிஸ்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். நான் ஒழுங்காகப் படிப்பிக்கிறேனா என்று வந்து பார்த்துச் சொல்லவும் யாரும் இல்லை.

இருந்தும் ஏன் சேரச் சொல்கிறேன்? கிரயக் கணக்கீட்டில் துண்டு வீதக் கூலி, அதாவது செய்த அளவுக்குக் கூலி, என்றொரு பகுதி வரும். பாடப்புத்தகத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலை, ஏதோ ஒரு இயந்திரம். பிள்ளைகள் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுப் பலகையில் செக்ரோல், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேடு, மாதிரிக் கோடு போட்டேன். 2024 இல் பேசி முடிவான நாட்சம்பளம் 1,350 ரூபா. நோம், அதாவது அந்தச் சம்பளத்துக்கு ஒரு நாளில் எடுக்க வேண்டிய தேயிலைக் கொழுந்து, 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா. ஒருவர் 24 கிலோ எடுத்தால் 1,650. அப்படியானால் ஒரு கிலோ கொழுந்துக்குக் கூலிச் செலவு எவ்வளவு? 18 கிலோவோடு நின்றால் 75 ரூபா, 24 கிலோவுக்கு 68.75. கூட எடுக்க எடுக்கத் தோட்டத்துக்குச் செலவு இறங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நோம் எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போது பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "மிஸ், சாக்குக்கும் தண்ணிக்கும்னு கழிக்கிற கிலோ எதுல வரும்?" என்று கேட்டது. வகுப்பே நிமிர்ந்துவிட்டது. இரண்டு கிலோ கழித்தால் 22 கிலோவுக்குத்தான் சம்பளம், 1,550. கொழுந்தில் ஈரமே இல்லாத நாளாக இருந்தால் தொழிற்சாலைக்குப் போவது 24 கிலோதான். கிலோவுக்குச் செலவு 64.58 ஆகிவிடுகிறது. அந்த வித்தியாசம் யாருடைய கணக்கில் போகிறது என்று மீதி நேரம் முழுவதும் வாதம். தன் அம்மாவின் கொழுந்துச் சீட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் அப்படிக் கேட்கும். அந்தக் கேள்வியின் பெறுமதி தெரிந்தவர் வகுப்பில் நிற்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் ஊர்ப் பட்டதாரிகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்கிறேன்.

அதே பிள்ளை பரீட்சையில் கணக்கைச் சரியாகச் செய்து, விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுத முடியாமல் புள்ளியை விட்டது. அந்த விடைத்தாள் இன்னும் என் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்தப் பிள்ளையோடு இன்னொரு செமஸ்டர் உட்கார எனக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியர் நியமனம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2015 ஐ ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுத்த எங்கள் பிள்ளைகள் மாதம் 6,000 ரூபாவுக்கும், பிறகு 10,000 ரூபாவுக்கும் வருடக்கணக்காகப் படிப்பித்தார்கள். ஆனாலும் பட்டதாரியாக ஆசிரியர் சேவைக்குள் போனால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், பெண்ணென்றால் பிரசவ லீவு எல்லாம் உண்டு. வீட்டுப் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தால் அந்தக் கடிதம் வந்த அன்றே முடிவெடுங்கள். பிள்ளைகளை விட்டுப் போகிறோமே என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். நிரந்தரமாக ஆள் வைக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை.

சேருவதென்றால் நியமனக் கடிதம் கையில் வராமல் முதல் வகுப்புக்குப் போகாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு வவுச்சரையும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். வருடத்துக்கொரு சேவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். நிரந்தரப் பதவிக்கு நேர்முகப் பரீட்சை வரும் காலத்தில் அதுதான் கேட்கப்படும். இடையில் நியமனம் கிடைத்துப் போக நேர்ந்தால், பாடக்குறிப்புகளை அடுத்து வருபவரிடம் நேரில் ஒப்படையுங்கள். எனக்கு முன் இருந்தவர் அப்படித் தந்த கொப்பிதான் என் முதல் செமஸ்டரை ஓட்ட உதவியது. செக்ரோல் கணக்குகள் வேண்டுமானால் கீழே எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.