பாட்டும் இல்லை, மிருதங்கமும் இல்லை: ஸ்ட்ரிங் குவார்ட்டெட் கச்சேரியில் ரசிக்க என்ன இருக்கிறது?

யாரோ வற்புறுத்தி அழைத்துப் போய், நடுவில் எழுந்து வரவும் முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் போல. நான் பாளையங்கோட்டையில் வயோலா வாசிப்பவன். வயலின் இல்லை, வயோலா. கொஞ்சம் பெரியது, ஒரு பஞ்சமம், அதாவது ச-விலிருந்து ப வரையுள்ள தூரம், கீழே ஒலிப்பது. அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, அதைவிடப் பெரிதாய், இன்னும் கீழே ஒலிக்கும் ஒரு செல்லோ. முதல் வயலின்தான் பாடகர், மற்ற மூன்றும் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்டால் சலிப்புதான் வரும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797-ல் எழுதிய 'எம்பரர்' குவார்ட்டெட்டின் இரண்டாம் பகுதியில் மெட்டு ஒன்றே ஒன்று (ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு இன்றும் அதே மெட்டுதான்). முதல் வயலின் ஒருமுறை வாசித்ததும் அது இரண்டாம் வயலின், செல்லோ, வயோலா என்று கைமாறி, கடைசியில் முதல் வயலினுக்கே திரும்பும். நம் நிரவலில் பாட்டின் ஒரே வரி நிற்கும், அதைப் பாடும் விதம் மாறும். இங்கே மெட்டே நிற்கிறது. சுற்றியிருப்பவர்கள் வாசிப்பதுதான் மாறுகிறது.

இதை ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் ஊர் மண்டபத்தில் வாசித்தோம். மைக் செட் அண்ணாச்சியிடம், "இதுக்கு மைக்கே வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்காண்டாமாடே?" என்று முதல் வயலினுக்கு மட்டும் ஒன்றை வைத்துவிட்டார். மெட்டு கைமாறும் ஒவ்வொரு சுற்றும் ஒரு வேரியேஷன். முதல் வேரியேஷனில் மெட்டு இரண்டாம் வயலினிடம் இருக்கும். முதல் வயலின் அதைச் சுற்றி வேகமாகக் கோலம் போடும். ஸ்பீக்கரில் கோலம் மட்டும் வந்தது, புள்ளிகளைக் காணோம். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பகுதி முடிந்ததும் முதல் வயலின் வாசித்த அக்காவே எழுந்து மைக்கைத் தள்ளி வைத்தார். கூட்டம் தானாகப் பேச்சை நிறுத்தியது. கேட்கவில்லை என்று பின்வரிசையில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் சங்கீதத்துக்கு வக்காலத்தா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். காருகுறிச்சியார் நாகஸ்வரத்தை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். வயலினே அங்கிருந்து வந்ததுதான். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான், நம் சீமையில் வாழ்ந்தவர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எந்தக் கச்சேரியானாலும் முதலில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை. ஒவ்வொருவராகப் போர்த்தி, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அந்தப் புழுக்கத்தில் தந்திகளில் சுதி கலைந்துவிடுகிறது. மேடையில் மறுபடி சேர்த்தால், "இன்னும் ரெடியாகலையா?" என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். வாசித்து முடித்தபிறகு போர்த்தினால் என்ன?

நீங்கள் அடுத்த கச்சேரிக்குப் போகுமுன் 'எம்பரர்' குவார்ட்டெட்டின் அந்த இரண்டாம் பகுதியை வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மூன்றாவது வேரியேஷனில் மெட்டு வயோலாவிடம் இருக்கும்.