இரண்டு படங்களை இணைக்கும்போது தலையைச் சுற்றி வெள்ளை விளிம்பு வருவது ஏன்?

ஒரு படத்திலிருந்து ஆளைப் பிரித்து இன்னொரு படத்தில் சேர்த்தால் வெள்ளை விளிம்பு தெரிகிறது, எரேசரால் தேய்த்தால் தலைமுடியும் சேர்ந்து போய்விடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிர்ந்த பின்னணியில் எடுத்த படத்தை அடர்ந்த பின்னணியில் வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் எரேசரை விட்டுவிட்டு, லேயர் மாஸ்க்கை எடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வேலை பார்க்கும் எனக்கு, காலமானவரைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரும் வேலைதான் அதிகம் வருகிறது. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண், தன் திருமணப் படத்தில் அம்மாவின் அருகே மறைந்த அப்பாவை நிறுத்தித் தரக் கேட்டார். வேறொரு கடையில் செய்து வாங்கியிருந்த கோப்பில், எரேசரால் தேய்த்து அப்படியே சேமித்திருந்ததால், அப்பாவின் காதோரச் சுருள்முடி முழுவதும் போயிருந்தது. காசிமேட்டில் வானம் பின்னணியாக எடுத்த மூலப் படத்தை அத்தை வீட்டிலிருந்து வரவழைத்து, ஸ்கேன் செய்த பிறகே வேலையைத் தொடங்கினேன்.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்; அதன் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று சொல்லும் மறைப்புதான் லேயர் மாஸ்க். அது படத்தின் ஒரு பிக்சலையும் அழிப்பதில்லை. அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசிய இடம் அதன் அளவுக்கு ஏற்பப் பாதியாகவோ காலாகவோ தெரியும். 8 பிட் மாஸ்க்கில் இந்த அளவு 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை செல்லும். கடற்காற்றில் தோளுக்கு வெளியே பறந்துகொண்டிருந்த துண்டின் முனையை, மண்டபத்துக்குப் பொருந்தாது என்று மகள் சொன்னதால் மறைத்திருந்தேன். மாதிரியைப் பார்த்த அம்மா, "காத்துல துண்டு பறந்தாதான் தம்பி அது அவரு" என்றார். மாஸ்க்கில் அந்த இடத்தில் வெள்ளை பூசியதும், ஓரத்து நூல் பிரிகளோடு துண்டு திரும்பி வந்தது. எரேசரால் தேய்த்திருந்தால் அதை எங்கே தேடுவது?

இனி உங்கள் வெள்ளை விளிம்பு. 1984இல் கணினி வரைகலை ஆய்வாளர்களான டாம் போர்ட்டரும் டாம் டஃப்பும் தங்கள் கட்டுரையில் முறைப்படுத்திய கணக்கு இதுதான்: மாஸ்க் சொல்லும் பங்கு மேல் படத்திலிருந்தும், மீதிப் பங்கு கீழ்ப் படத்திலிருந்தும் வரும். அதே 0 முதல் 255 வரையான அளவில் முடியின் ஒளியளவு 40, பின்னணி வானத்தின் அளவு 220 என்று கொண்டால், இரண்டும் பாதிப்பாதியாக விழுந்த விளிம்புப் பிக்சலில் பதிவாகியிருப்பது 130. அதை மாஸ்க் பாதியளவு காட்டி, மண்டபத்தில் 60 அளவுள்ள அடர்ந்த திரைச்சீலையோடு கலக்கும்போது 95 கிடைக்கிறது. முடியும் திரையும் மட்டும் கலந்திருந்தால் 50தான் வந்திருக்கும். மிகுதியாக நிற்கும் அந்த 45, காசிமேட்டு வானத்தின் மிச்சம்.

ஆகவே மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும், விளிம்பின் நிறத்தையும் மாற்றியாக வேண்டும். ஆளின் லேயருக்கு மேல் புதிய லேயரைக் கிளிப்பிங் மாஸ்க்காக (கீழ் லேயர் தெரியும் இடத்தில் மட்டும் தெரியும்படி) வைத்து, உள்முடியின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷால் விளிம்பில் மட்டும் பூசுங்கள். விலையில்லாத படத்திருத்த மென்பொருளான கிம்பில் வேலை செய்வோரும் லேயர் மாஸ்க்கைப் பயன்படுத்தலாம்.

ஒரே தட்டலில் பின்னணியை நீக்கும் செயலிகள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் எழுதக்கூடும். அவற்றை நானும் தொடக்கத்துக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் நரைத்த சுருள்முடியைப் பின்னணி என்று எண்ணி அவை நீக்கிவிடுவதைப் பலமுறை கண்டிருப்பதால், காதோரத்தைக் கையால்தான் தீட்டுகிறேன். வேலை முடிந்ததும் லேயர்களோடு கூடிய கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒளிபுகும் பின்னணி வேண்டுமென்று கேட்பவருக்குப் பிஎன்ஜி கொடுங்கள், ஏனெனில் ஜேபெக் அதை வைத்துக்கொள்ளாது.