பாதத்தின் மேல் ஒரு விரல் வலி

கேள்வி: எனக்கு வயது 44, எடை 84 கிலோ. இரண்டு வருடமாக ஷூ போட்டு ஓடிக்கொண்டிருந்தேன். வெறுங்காலில் ஓடினால் முழங்கால் தேயாது என்று வீடியோக்களில் பார்த்துவிட்டு, ஐந்து வாரமாகத் தினமும் 6 கிலோமீட்டர் தார் ரோட்டில் அப்படியே ஓடுகிறேன். எங்கள் அப்பாரு (தாத்தா) கடைசிவரை செருப்பே போட்டதில்லை. எனக்கோ கெண்டைக்கால் இறுகிக்கொள்கிறது, உள்ளங்கால் தோல் தடித்துவிட்டது, பாதமும் தட்டை. யூரிக் ஆசிட் 7.2. கொக்கிப்புழு வரும் என்கிறார் மனைவி. பத்து நாளாக இடது பாதத்தின் மேல் லேசான வீக்கம்; வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் தெரிவதில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றியிருக்கிறோம். எனக்கும் எலும்பு தேய்மானம் ஆரம்பித்துவிட்டதா? கால்சியம் மாத்திரை சாப்பிடலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள். வலி மாத்திரையையும்தான்.

அம்மாவின் முழங்கால் உங்கள் பாதத்துக்கு இறங்கி வரவில்லை. தேய்மானம் என்பது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வருடக்கணக்கில் நைந்துபோவது. ஐந்து வாரத்தில், அதுவும் பாதத்தின் மேல்புறத்தில் வந்து உட்காராது. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இத்தனை வரியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த வீக்கம்.

நாற்காலியில் உட்காருங்கள். இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் வையுங்கள். கணுக்காலுக்கும் விரல்களுக்கும் நடுவே ஐந்து நீள எலும்புகள் தோலுக்கடியில் தட்டுப்படும். ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு விரல் நுனியை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசைநார் சமாச்சாரம். ஒரு காசு அளவு இடத்தில், முக்கியமாகப் பெருவிரல் பக்கமிருந்து இரண்டாவது, மூன்றாவது எலும்பின் மேல், விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்களானால், எலும்பில் மயிரிழை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்தாவது கிலோமீட்டரில் வந்த வலி, பிறகு இரண்டாவதிலேயே வந்து, கடைசியில் பாத்ரூம் போய்வரும்போதும் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இது புது வியாதி இல்லை. 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நடந்து நடந்து பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பற்றி எழுதினார். அது எலும்பு முறிவு என்று தெரிய, 1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் சிப்பாய்களுக்குப் பதில் பழனி பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசம் முடிந்த கையோடு இப்படிப்பட்ட கால்கள் என்னிடம் வரும். ஒருவர் பத்தாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயை நீட்டி, "படம் சுத்தமா இருக்குதுங்க, டாக்டர்" என்றார். அதை நம்பி மில்லில் நைட் ஷிப்டும் நின்றிருக்கிறார். மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் இரண்டாவது எலும்பைச் சுற்றிப் பஞ்சு சுற்றியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. விரிசலை ஒட்ட உடம்பே போட்டுக்கொள்ளும் பூச்சு அது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சாதாரணம். ஆகவே படம் சுத்தம் என்றால் கால் சுத்தம் என்று அர்த்தமில்லை. அவசரமாகத் தெரிய வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது.

ஏன் வந்தது? ஷூ போட்டு ஓடும்போது பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுவார்கள். வெறுங்காலில் அது வலிக்கும் என்பதால் முன்பாதம் முதலில் இறங்கும். முழங்காலுக்குச் சுமை குறைகிறது என்று வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் குறைந்த சுமை காற்றில் கரைந்துவிடாது. கெண்டைக்காலும் இந்த மெல்லிய எலும்புகளும்தான் அதை வாங்கிக்கொள்ளும். புதுச் சுமை வந்தால் எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைக்க வாரங்கள் போதும், கட்ட மாதங்கள் வேண்டும். சுவரை இடித்துவிட்டு இன்னும் பூசாத வீட்டின் மொட்டைமாடியில் 84 கிலோ ஆள் தினமும் குதித்திருக்கிறீர்கள். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விரல்வைத்த மெல்லிய ஷூவுக்கு மாறியவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் பாத எலும்புக்குள் நீர்கோத்திருந்தது. நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக்கூட மாறவில்லை.

அந்த வலி மாத்திரை விஷயம்தான் எனக்குக் கோபம். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். நூல் அறுந்தால் தறி தானாக நிற்க ஒரு ஏற்பாடு உண்டு. அதைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டினால் துணி என்ன கதியாகும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்து உலர்ந்த உடம்பில் தினமும் அந்த மாத்திரை இறங்கினால் சிறுநீரகத்துக்கும் கேடு.

மற்றதெல்லாம் விடுங்கள். கெண்டைக்கால் இறுகுவது எதிர்பார்த்ததே. தோல் தடிப்பது நல்லது. குதிகாலைத் தூக்கி நின்றால் உள்ளங்காலில் வளைவு வருகிறதா? வந்தால் தட்டைப் பாதத்தை மறந்துவிடலாம். யூரிக் ஆசிட் வீக்கம் பெரும்பாலும் ராவோடு ராவாகப் பெருவிரலில் சிவந்து, போர்வை பட்டாலே அலறவைக்கும். அப்படி ஒருமுறைகூட வராதவருக்கு வெறும் 7.2-க்கு மாத்திரை கிடையாது. கொக்கிப்புழு மலம் கலந்த ஈரமண்ணில் வாழ்வது, தார் ரோட்டில் இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை விரிசலை ஒட்டும் பசை இல்லை. வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதில் பலன் உண்டு. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது.

அப்பாருவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் நடை பழகிய நாள் முதல் செம்மண் இட்டேரியிலும் உழுத காட்டிலும் நடந்தவர். 44 வயதில் தார் ரோட்டில் ஆரம்பிக்கவில்லை. அந்த வீடியோக்களில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் மாரத்தான் வென்ற பிகிலாவைக் காட்டியிருப்பார்கள். 1964-இல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டு அதைவிட வேகமாக ஓடி ஜெயித்ததைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு விரல் அழுத்தத்தில் வலித்தால் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலி பாதத்தின் வெளி ஓரத்திலோ, கணுக்காலுக்குச் சற்று முன்னால் மேல்புறத்திலோ இருந்தால் நாளைக்கே போக வேண்டும். அந்த இடங்கள் லேசில் ஒட்டாது, சில சமயம் ஸ்க்ரூ போடும்படி ஆகும். நடு எலும்பு என்றால் பெரும்பாலும் கட்டு கூடத் தேவைப்படாது. அடி வளையாத ஷூவோடு ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். கிணற்றில் நீந்தலாம், ஆனால் மேட்டிலிருந்து குதிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் வெறுங்கால் ஆசை இருந்தால் தடுக்க மாட்டேன். ஷூ போட்டு ஓடி முடித்ததும் வாய்க்கால் கரை மண்ணில், முள் பார்த்து, 200 மீட்டர். ஒன்றுவிட்டு ஒருநாள்தான். மறுநாள் காலை அந்த எலும்பை அழுத்திப் பார்த்து, வலிக்காவிட்டால் மட்டும் அடுத்த வாரம் இன்னொரு 200.

பல பைக்குகளில் கியர் ஏற்றும்போது லீவர் இடிப்பது சரியாக அந்த இடது பாதத்தின் மேல்தான். எலும்பு ஒட்டும்வரை வீட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.