ஹாரி கேனை டாட்டன்ஹாம் 4 கிளப்புகளுக்கு லோனில் அனுப்பியது அவரை வளர்த்ததா, ஒதுக்கியதா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆடப் போகும் பையன்கள் பெரும்பாலும் காணாமல்தானே போகிறார்கள், கேன் மட்டும் எப்படித் தப்பித்தார்?

என் பதில் கொஞ்சம் கோணலாக இருக்கும். நான்கு லோனில் ஒன்று அவரை நிஜமாகவே வளர்த்தது. ஒன்று பரவாயில்லை ரகம். மிச்சம் இரண்டும் ஆளை முடித்துவிடப் பார்த்தன. "லோன்தான் கேனை உருவாக்கியது" என்று இன்று எல்லோரும் சொல்வது, அவர் கோல்களாகக் குவித்த பிறகு பின்னோக்கிக் கட்டிய கதை. நான்காவது லோன் முடிந்த 2013 மே மாதம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் டாட்டன்ஹாம் ரசிகன், அதாவது கோப்பை இல்லாமலே காலத்தை ஓட்டிப் பழகிய ஜாதி. அப்போது எங்கள் கூட்டத்தில் யாரும் அந்தப் பையனைப் பெரிதாக நினைத்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரர். 1993-ல் லண்டனின் வால்தம்ஸ்டோவில் பிறந்தவர். எட்டு வயதில் ஆர்சனல் அகாடமியில் ஒரு சீசன் இருந்தார், பிறகு அங்கிருந்து கழற்றிவிட்டார்கள். நடுவில் வாட்ஃபோர்டில் கொஞ்ச காலம். பதினொரு வயதில் டாட்டன்ஹாம். அகாடமியில் ஒன்றும் நட்சத்திரம் கிடையாது. வேகம் சுமார், உடம்பு தாமதமாகத்தான் வளர்ந்தது. வேய்ன் ரூனி மாதிரி பதினாறு வயதில் பிரீமியர் லீக்கை, அதாவது இங்கிலாந்தின் முதல் டிவிஷனைக் கலக்கும் ரகம் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். இப்படிப்பட்ட பையனைத்தான் கிளப்புகள் லோனில் அனுப்பிப் பார்க்கும்.

லோன் எப்படி நடக்கிறது என்பதையும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் தாய்க் கிளப்போடுதான் இருக்கும். கூட்டிக்கொண்டு போகும் கிளப் சம்பளத்தை முழுதாகவோ பாதியாகவோ ஏற்றுக்கொள்ளும். பாதியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிய கிளப்பின் மேனேஜருக்கு அந்தப் பையன் அடுத்த வருடம் என்ன ஆவான் என்பதில் எந்த அக்கறையும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தை ஜெயித்துத் தந்தால் ஆட வைப்பார், இல்லையா, பெஞ்ச்தான்.

2011 ஜனவரியில் லேட்டன் ஓரியன்ட். மூன்றாம் டிவிஷன், கிழக்கு லண்டன், கேன் வளர்ந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பதினேழு வயது. முதல் ஆட்டத்தில் ராச்டேலுக்கு எதிராகக் கடைசிக் கால் மணி நேரம் இறக்கினார்கள். அடுத்த வாரமே ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு எதிராக முதல் கோல். மொத்தம் 18 ஆட்டம், 5 கோல். நடுவில் ஒரு சிவப்பு அட்டையும் வாங்கினார். அந்த வயதுக்கு நல்ல கணக்குதான், ஆனால் அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. கட்டணமில்லாப் பயிற்சி வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆகஸ்டில் டாட்டன்ஹாமுக்கு முதல் ஆட்டம் கிடைத்தது. யூரோப்பா லீக் தகுதிச் சுற்று, ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணியோடு. இரண்டு ஆட்டச் சுற்றில் முதலாவதை 5-0 என்று ஜெயித்துவிட்டதால் இரண்டாவது வெறும் சம்பிரதாயம், அதனால்தான் பையன்களை இறக்கினார்கள். கேனே ஒரு பெனால்டியைச் சம்பாதித்தார், அவரே அடித்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். ஆட்டம் 0-0. பின்னாளில் பெனால்டி என்றாலே இவர்தான் என்று உலகம் நம்பிய ஆளுக்கு ஆரம்பம் இப்படி!

நான் "வளர்த்தது" என்று சொன்ன லோன் மில்வால். 2012 ஜனவரியில் கேனையும் அதே அகாடமியின் ரையன் மேசனையும் ஒன்றாக அங்கே அனுப்பினார்கள். மில்வால் தென்கிழக்கு லண்டன் கிளப். அவர்களுடைய டென் மைதானத்துக்கு எதிரணிகள் பயந்துகொண்டேதான் போகும். ஊரே தங்களை வெறுக்கிறது என்பதைப் பெருமையாகப் பாட்டுக் கட்டிப் பாடும் ரசிகர்கள். பதினெட்டு வயதுப் பையன் அங்கே பந்தைத் தொலைத்துவிட்டு நின்று கொண்டிருந்தால் விசில் அடித்து ஆளைக் கிழித்துவிடுவார்கள். ஓடிப்போய்த் தடுத்து, கீழே விழுந்து எழுந்தால், அதே ஆட்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். கோல் அடிக்காவிட்டாலும் மன்னிப்பார்கள், ஒதுங்கி நிற்பதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், அணி இருந்த இடம். சாம்பியன்ஷிப் என்கிற இரண்டாம் டிவிஷனில் மில்வால் தரமிறக்கப் பயத்தோடு உழன்றுகொண்டிருந்த நேரம் அது. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் வெட்டு, பலருக்கு ஒப்பந்தமே நீளாது. முப்பது வயது டிஃபெண்டருக்கு அது வீட்டுக் கடன் பிரச்சினை, குழந்தைகளின் பள்ளிக்கூடப் பிரச்சினை. அந்த டிரஸ்ஸிங் ரூமில் "நான் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் அண்ணா" என்று சொல்லிக்கொண்டு உட்கார முடியாது. அகாடமி ஆட்டங்களில் தோற்றால் பயிற்சியாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். இங்கே தோற்றால் பக்கத்து இருக்கைக்காரரின் வருமானம் போகும். மேனேஜர் கென்னி ஜாக்கெட் அவரைத் தொடர்ந்து ஆட வைத்தார். 27 ஆட்டம், 9 கோல். மில்வால் 16-வது இடத்தில் முடித்துத் தப்பித்தது. கிளப்பின் அந்த சீசனுக்கான சிறந்த இளம் வீரர் விருதும் கேனுக்கே. மில்வால்தான் தன்னைப் பையனிலிருந்து ஆளாக்கியது என்று கேனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் வழக்கமான கதையை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, அடுத்து ஏணியில் ஒரு படி மேலே என்று நினைத்து 2012-ல் பிரீமியர் லீக் கிளப்பான நார்விச்சுக்கு அனுப்பினார்கள். முதல் ஆட்டம் வெஸ்ட் ஹாமோடு. மாற்று ஆட்டக்காரராக வந்தவர், கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒரு வாய்ப்பைக் கோட்டைவிட்டார். அப்புறம் டான்காஸ்டரோடு லீக் கப் ஆட்டத்தில் பாதத்து எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஓய்வு. மொத்தம் 5 ஆட்டம், கோல் சுழியம். 2013 பிப்ரவரி தொடக்கத்தில் டாட்டன்ஹாம் அவரைத் திரும்ப அழைத்தது. ஸ்ட்ரைக்கர் வாங்கத் தேடி ஆள் கிடைக்காமல் போனதால் வந்த அழைப்பு அது. வந்த மூன்று வாரத்துக்குள் மறுபடி மூட்டை கட்டச் சொல்லி லெஸ்டருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜனவரிச் சந்தை மூடிய பிறகும் இப்படி அனுப்ப முடிந்ததற்குக் காரணம், கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு அப்போது இருந்த அவசர லோன் ஏற்பாடு. பிறகு அதை எடுத்துவிட்டார்கள்.

லெஸ்டரில் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பிளாக்பர்னுக்கு எதிராகக் கோல் அடித்தார். ஆரம்பம் அமோகம் என்று நினைத்தால், அதன்பிறகு பெரும்பாலும் பெஞ்ச்தான். அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜேமி வார்டி. பின்னாளில் பிரீமியர் லீக்கின் அதிக கோல் விருதை வாங்கப்போகும் இருவரும், இரண்டாம் டிவிஷன் அணியில் இடமில்லாமல் கோட்டு போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த சீசன் லெஸ்டருக்கு முடிந்த விதத்தைக் கால்பந்து பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃபில் வாட்ஃபோர்டோடு அரையிறுதி, கடைசி நிமிடங்கள். லெஸ்டரின் க்னோகார்ட் பெனால்டி அடிக்கிறார், அது விழுந்தால் வெம்பிளியில் இறுதி ஆட்டம். வாட்ஃபோர்டு கோல்கீப்பர் அல்முனியா தடுக்கிறார், திரும்பி வந்ததையும் தடுக்கிறார். பந்து அப்படியே மறுமுனைக்குப் போகிறது, வாட்ஃபோர்டின் டீனி அடித்த அடியில் வலைக்குள். எல்லாம் இருபது விநாடிக் கூத்து.

கேனின் லெஸ்டர் கணக்கு 15 ஆட்டம், 2 கோல். அந்த நாட்களில் தான் எவ்வளவு சோர்ந்து போயிருந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். லெஸ்டரிலேயே இடமில்லை, டாட்டன்ஹாமில் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி தலைக்குள் ஓடியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் 199-வது ஆளாகத் தேர்வாகி, பிறகு அந்த ஆட்டத்தின் உச்சிக்குப் போன டாம் பிரேடியின் கதையைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டாராம். நல்ல கதைதான். ஆனால் அதே மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டும் எங்கேயும் போய்ச் சேராத பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுவது லோன் முடிந்த பிறகு நடந்தது. 2013 கோடையில், நட்சத்திர ஆட்டக்காரர் கேரத் பேலை விற்ற வருடம், டாட்டன்ஹாம் புதுசு புதுசாக ஆட்களை வாங்கிக் குவித்தது. ஸ்ட்ரைக்கராக ராபர்டோ சோல்டாடோவை 2.6 கோடி பவுண்டுக்குக் கூட்டி வந்தார்கள். கேனுக்கு இன்னொரு லோன் என்ற பேச்சும் எழுந்தது. போகமாட்டேன், இங்கேயே இருந்து இடத்துக்காகப் போராடுகிறேன் என்று நின்றார். ஐந்தாவது கிளப்புக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

அதன்பிறகு கை கொடுத்தது அதிர்ஷ்டம், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சோல்டாடோவுக்கு அந்த சீசன் லீக்கில் 6 கோல்தான். டிசம்பரில் மேனேஜர் வில்லாஸ்-போவாஸ் வேலை போனது. அவர் இடத்துக்கு வந்த டிம் ஷெர்வுட், கிளப்பின் இளம் வீரர்களைப் பல வருடம் கூடவே இருந்து பார்த்தவர். கேன் யார் என்று அவருக்குக் காகிதத்தைப் பார்க்காமலே தெரியும். 2014 ஏப்ரலில் சண்டர்லேண்டோடு முதல்முறையாக பிரீமியர் லீக் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆட வைத்தார். கோல். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் கோல்.

அடுத்த மேனேஜராகப் பொச்செட்டினோ வந்த பிறகும் கேனுக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. அடெபயோர், சோல்டாடோ இருவருக்கும் பின்னால்தான். யூரோப்பா லீக் ஆட்டங்களில்தான் கேனுக்கு வாய்ப்பு. அதில் ஆஸ்டராஸ் திரிபோலிஸ் என்ற கிரேக்க அணியோடு ஹாட்ரிக் அடித்தார். கடைசியில் கோல்கீப்பர் லோரிஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாற்று வீரர்கள் தீர்ந்துவிட்டதால் கேனே கோல்கீப்பராக நின்றார். நேராகக் கைக்கு வந்த ஃப்ரீ-கிக்கைக் கோட்டைவிட்டு ஒரு கோலும் வாங்கினார். சிரிக்காமல் அதைப் பார்க்க முடியாது. பத்து நாள் கழித்து ஆஸ்டன் வில்லா ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக வந்து, 90-வது நிமிடத்தில் அடித்த ஃப்ரீ-கிக் யார் மேலோ பட்டுத் திரும்பி உள்ளே போனது, 2-1. அந்தப் பந்து திரும்பாமல் எதிரணியினர் வரிசையாக நின்ற சுவரில் நின்றிருந்தால் கதை இன்னும் ஒரு மாதமாவது தள்ளிப் போயிருக்கும். அந்த சீசன் மொத்தம் 31 கோல். இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆட்டத்தில், களமிறங்கி 79 விநாடியில் கோல். டாட்டன்ஹாமை விட்டுப் போகும்போது 280 கோல். (2025 மே மாதம் அவர் ஜெர்மனியின் பயர்ன் கிளப்பில் முதல் கோப்பையைத் தூக்கினார், அதே மாதம் அவர் இல்லாத டாட்டன்ஹாம் யூரோப்பா லீக்கை ஜெயித்தது. எங்களுக்கு மட்டும் இப்படித்தான் நடக்கும்.)

இப்போது அவரோடு மில்வாலுக்குப் போன மேசனைப் பாருங்கள். அதே அகாடமி, அதே நாளில் அதே கிளப்புக்கு லோன். யோவில், டான்காஸ்டர், ஸ்விண்டன் என்று அவரும் சுற்றினார். பிரான்சின் லோரியனுக்குப் போய் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். 2014-ல் அவருக்கும் கதவு திறந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு கப் ஆட்டத்தில் தூரத்திலிருந்து ஒரு கோல், உடனே அணியில் இடம், ஆறே மாதத்தில் இங்கிலாந்து சட்டை. பிறகு ஹல் சிட்டி. 2017-ல் தலையோடு தலை மோதி மண்டை ஓடு உடைந்து, 26 வயதில் ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. ஆண்ட்ரோஸ் டவுன்சென்ட் 9 கிளப்புக்குப் போய் வந்து டாட்டன்ஹாம் அணியில் இடம் பிடித்தார், சில வருடத்தில் வெளியேறினார். எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஏற்பாடு. பலன் மட்டும் ஆளுக்கு ஒன்று.

செல்சி பக்கம் போனால் இன்னும் மோசம். லூகாஸ் பியாசோன் என்ற பிரேசில் பையன் ஒன்பது வருடம் அந்தக் கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்தார். மலாகா, விட்டெஸ், ஃபிராங்க்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹாம், இன்னும் இரண்டு மூன்று ஊர். செல்சிக்காக ஆடியது மூன்றே ஆட்டம். இந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தத்தான் ஃபிஃபா 2022-ல் எண்ணிக்கை வரம்பு கொண்டு வந்தது: நாடு விட்டு நாடு அனுப்பும் லோன் முதலில் 8, 2024 முதல் 6. ஆனால் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கிளப்பே வளர்த்த பையன்களுக்கும் இந்த வரம்பு கிடையாது. இன்று இன்னொரு கேன் வந்தாலும் அந்த விதி அவரைத் தொடாது.

ஆகவே உங்கள் அணிப் பையன் லோனில் போகிறான் என்ற செய்தி வந்தால், கோல் கணக்கை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அந்த மேனேஜர் கேட்டு வாங்கினாரா, அவர் வேலை மார்ச் வரை தாங்குமா, அணிக்கு அந்த இடத்தில் நிஜமாகவே ஆள் தேவையா என்பதுதான் முதலில். அப்புறம் தாய்க் கிளப் அதே சந்தையில் அதே இடத்துக்கு யாரையாவது வாங்குகிறதா என்று பாருங்கள். மில்வாலுக்கு அந்த ஜனவரியில் கோல் அடிக்க ஆள் அவசரமாக வேண்டியிருந்தது. லெஸ்டரில் ஏற்கெனவே வரிசையாக ஸ்ட்ரைக்கர்கள் நின்றார்கள்.